ஐஸ் படாத ரத்தம்

அந்தப் பெஞ்சுல உக்காராதீங்க அண்ணாச்சி, அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்படி இந்தப் பக்கமா வாங்க. ஃபேன் காத்தும் இங்கதான் வரும். சீட்டை கவுன்டர்ல குடுத்துட்டீங்கல்லா? குடுத்தாச்சுன்னா பேசாம இருங்க, அவங்களாக் கூப்பிடுவாங்க. நடுவுல போயிக் கேட்டா அவங்களுக்குப் பிடிக்காது. நான் ரெண்டு தடவ கேட்டுட்டேன். ரெண்டாவது தடவ அந்தக் கண்ணாடி போட்ட அம்மா என்னய ஒரு பார்வ பாத்தாங்க, கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்துல பூனையப் பாத்த மாதிரி.

நான் பொதுவா யார் காரியத்துலயும் தலையிடாத ஆளு. எங்க ஊருல வந்து யாரை வேணும்னாலும் கேளுங்க. திருச்செந்தூருக்குத் தெக்க, கடக்கரை. தொம்மைன்னு கேட்டா நாலு பேரைக் காட்டுவான், ஐஸ் தொம்மைன்னு கேக்கணும். முப்பத்தோரு வருசமா ஐஸ் கம்பெனியில இருக்கேன். பாளம் பாளமா வார ஐஸை மெஷின்ல போட்டு நொறுக்கி, வள்ளத்துக்கும் லாரிக்கும் ஏத்தி விடுற வேல. எந்த மீனுக்கு எவ்வளவு ஐஸ், அது எத்தன மணி நேரம் தாங்கும், மேல உப்புத் தூவணுமா வேண்டாமா, கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். வந்து கேக்கக்கூட வேண்டாம், நானே போயிச் சொல்லிருவேன்.

உள்ள இருக்கது என் வீட்டுக்காரி. சலேத்துமேரி. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், சாய்மான நாற்காலியில கண்ண மூடி உக்கார வச்சிருக்காங்க. அரை மணி நேரம் அசையாம இருக்கணுமாம், பொறவுதான் ரத்தம் எடுப்பாங்களாம். நானும் உள்ளதான் நின்னேன். அந்தக் கண்ணாடிக்கார அம்மா, நசீமான்னு பேரு, "நீங்க பேசப் பேச அவங்களுக்குப் படபடப்பு கூடுது, வெளிய இருங்க"ன்னு அனுப்பிட்டாங்க. நான் அப்படி என்னத்தப் பேசிட்டேன். "ஏளா, பயப்படாத, ஊசி கொஞ்சம் தடியாத்தான் இருக்கும்"னு தைரியம் சொன்னேன். ஒரு ஏழெட்டுத் தடவ சொல்லிருப்பேன், அவ்வளவுதான்.

அரை மணியில அஞ்சு நிமிசம் போயிருக்கும். இன்னும் நேரம் கெடக்கு, கேளுங்க.

சலேத்துக்குப் பித்தப்பையில கல்லு. வலி வந்தா அப்படியே சுருண்டு படுத்துருவா. சத்தம் போட மாட்டா. சத்தம் போட்டாலாவது நமக்கு ஒரு தைரியம் இருக்கும், அதும் இல்ல. இங்க திருநெல்வேலியில ஒரு பெரிய டாக்டரு வாரத்துல ஒரு நாளு எங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வருவாரு. அவருகிட்டக் காட்டுனோம். ஆபரேஷன் பண்ணி எடுத்துருவோம், ஒண்ணும் பயமில்லன்னாரு. சும்மா பேச்சுக்கு, "முன்ன எப்பவாவது ரத்தம் நிக்காமப் போயிருக்காம்மா"ன்னு கேட்டாரு. இவ இல்லன்னு சொல்ல வாயத் தொறந்தா. நான் முந்திக்கிட்டேன். பல்லு பிடுங்குனப்ப ரெண்டு நாளு நிக்கல டாக்டர், தலகாணி உறை நான்தான் மாத்தினேன், வளையல் அழுத்துனாக்கூட கையில நீலம் பாரிச்சிரும், பல்லு தேய்க்கும்போது சிவப்பாத் துப்புவான்னு எல்லாத்தையும் சொன்னேன். டாக்டரு பேனாவ மூடி வச்சிட்டாரு. சலேத்து என்னயப் பாத்த பார்வ இருக்கே, அத இப்ப விடுங்க.

பிளேட்லெட்டு எண்ணிப் பாத்தாங்க. எண்ணிக்கை சரியா இருக்கு. டாக்டரு சொன்னாரு, "ஆளு இருக்கு, வேல செய்யுதான்னு பாக்கணும். அதுக்குத் தனியா ஒரு டெஸ்ட் இருக்கு. அந்தப் பேப்பர் வராம நான் கத்தி வைக்க மாட்டேன்." எனக்கு உடனே புரிஞ்சு போச்சு. எங்க கம்பெனியிலயும் பன்னெண்டு பேரு இருக்கோம். எண்ணிக்கை சரிதான்.

அந்த டெஸ்டுக்கு ஒரு கண்டிஷன். பத்து நாளைக்கு வலி மாத்திரை தொடப்படாது. வலி மாத்திரை போட்டா பிளேட்லெட்டு மந்தமாயிருமாம், வர்ற முடிவு தப்பாயிருமாம். பித்தப்பைக் கல்லை வச்சுக்கிட்டுப் பத்து நாளு வலி மாத்திரை இல்லாம இருக்கது சாதாரணமில்ல அண்ணாச்சி. இருந்தா. நான் பப்பாளி இலைய அரைச்சுச் சாறு குடுத்தேன், டெங்குக்கு எல்லாரும் குடிச்சாங்கல்லா. மூணு நாளு வாங்கி வாங்கி வச்சா. நாலாம் நாளு பாத்தா, கொல்லையில முருங்கைக்கு மட்டும் இலை கருகருன்னு வந்திருக்கு.

அடுத்த சிக்கல், டெஸ்ட் இங்க திருநெல்வேலியில. சலேத்து பஸ் ஏற மாட்டா. வள்ளத்துல ஏறிப் படுத்தா நடுக்கடல்லயும் தூங்குவா. பஸ்ஸு, காருன்னா டிரைவர் சாவியத் திருகுற சத்தத்துக்கே குமட்டிரும். சொந்தத் தங்கச்சி மக கல்யாணத்துக்கே வரல. பத்தொன்பது வருசமாச்சு பஸ் ஏறி. அதனால எங்க பக்கத்து ஆஸ்பத்திரியிலயே ரத்தத்த எடுத்துக் குடுத்துருவாங்க, நாலு மணி நேரத்துக்குள்ள யாராவது இங்க கொண்டாந்து சேக்கணும்னு பேச்சு. யாராவதுன்னா யாரு, நான்தான்.

அங்க லேப்புல பாக்கியசீலின்னு ஒரு புள்ள. கைராசிக்காரப் புள்ள. ஆனா அன்னைக்கு அது எடுத்த விதம் எனக்குப் பிடிக்கல. அதயும் சொல்லிருதேன். மத்த சிஸ்டருக ரப்பரை இறுக்கிக் கட்டி, கையப் பட்டு பட்டுன்னு தட்டி நரம்பக் கெளப்புவாங்க, பாத்திருக்கீங்கல்லா. இது லேசாக் கட்டுச்சு. ஒரு தட்டுத் தட்டல. நரம்ப விரலால தடவித் தடவியே கண்டுபிடிச்சுது. ஊசி பாத்தா நல்ல தடி. ஏம்மா, குழந்தைக்குப் போடுத மெல்லிசு ஊசி இல்லையான்னேன். "சின்ன ஊசிக்குள்ள நெருக்கியடிச்சு வந்தா பிளேட்லெட்டு கலங்கிரும் மாமா"ன்னு சொல்லுச்சு. ரத்தம் வர ஆரம்பிச்சதும் ரப்பர அவுத்துருச்சு. மொதக் குழாய் நெறைஞ்சதும் அதத் தள்ளி வச்சிருச்சு. ஏம்மா, அத வீணாக்குதன்னேன். "குத்துன எடத்து ரத்தம், இதுக்கு ஆகாது மாமா." பொறவு நீல மூடி போட்ட குழாய் மூணு. கோடு வரைக்கும் நெறையணும், ஒரு சொட்டுக் கூடப்படாது, கொறையப்படாது. நெறைஞ்சதும் மெல்ல மெல்ல மூணு நாலு தடவ தலகீழாத் திருப்பி நிமித்துச்சு.

நான் கேட்டேன், எதுக்கும்மா இம்புட்டுப் பவிசுன்னு. அது சொன்னது இது. பிளேட்லெட்டு பெரிய தொட்டாச்சிணுங்கியாம். இறுக்குனாலும், குலுக்குனாலும், குளிர்ந்தாலும், உடம்புல எங்கயோ காயம்னு நெனச்சு அங்கயே வேலைய ஆரம்பிச்சிருமாம். பொறவு மெஷின்ல வச்சு, இப்ப வேல செய்யுன்னா, களைச்சுப் போயிக் கம்முனு கெடக்குமாம். எனக்கு சலேத்தோட மூத்த அண்ணன் ஞாபகம்தான் வந்துச்சு.

பொறவு ஒரு பெட்டியில குழாய்கள நிமித்தி வச்சு என் கையில குடுத்து, "குலுக்கப்படாது, வெயில்ல வைக்கப்படாது, ஐஸ்ல வைக்கவே படாது"ன்னு மூணு தடவ சொல்லுச்சு. சொல்லலன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லுச்சு.

ஆனா நீங்களே யோசிங்க. அதுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்குமா? அன்னைக்குச் சித்திரை மாசம், மணி பதினொண்ணு. அந்த வெயிலுக்கு ஒரு வாளைமீனை வெளிய வச்சா அரை மணி நேரத்துல கண்ணு வெளுத்துரும். ரத்தம் மட்டும் என்ன இரும்பா. படிச்ச புள்ளைக்குப் படிப்புத் தெரியும், கெட்டுப் போறது எப்படின்னு எனக்குல்லா தெரியும். பஸ்ஸுக்கு இருபது நிமிசம் இருந்துச்சு. கம்பெனிக்குள்ள நுழைஞ்சேன். நொறுக்குன ஐஸு கீழ ஒரு அடுக்கு, சுத்தி ஒரு அடுக்கு, மேல ஒரு அடுக்கு, அதுக்கும் மேல ஒரு பிடி உப்பு. எறா ஏற்றுமதிக்குக்கூட நான் அப்படிக் கட்டுனதில்ல. எவ்வளவு அழகா அடுக்குனேன்னு இப்ப நெனச்சாலும் ஒரு திருப்திதான்.

பஸ் ஸ்டாண்டுல எறங்கி, தண்ணியக் கொட்டி, பெட்டியத் துண்டால துடைச்சுத்தான் இங்க குடுத்தேன். நமக்கு ஒரு சுத்தம் வேணும்லா. நசீமாம்மா குழாயத் தொட்டுப் பாத்துட்டு, "சில்லுன்னு இருக்கே, ஐஸ்ல வச்சீங்களா"ன்னாங்க. "ஐஸ் இல்லம்மா"ன்னேன். அது பொய்யில்ல அண்ணாச்சி. அந்த நேரத்துல ஐஸ் இல்லல்லா. கரைஞ்சு போச்சு. அவங்க நெத்தியச் சுருக்கிக்கிட்டு, "எனக்குச் சந்தேகமா இருக்கு, பாத்துட்டு எழுதுதேன்"னு உள்ள கொண்டு போனாங்க.

பேப்பர் வந்துச்சு. பிளேட்லெட்டு சுத்தமா வேல செய்யலன்னு இருக்கு. கீழ பொடி எழுத்துல, மறுபடி ரத்தம் எடுத்துப் பாக்கவும்னும் எழுதியிருக்கு. ஆனா சலேத்து மேல உள்ளதத்தான் பிடிச்சுக்கிட்டா. அவளுக்கு ஆயுசு இவ்வளவுதான்னு முடிவே பண்ணிட்டா. மஞ்சப் பட்டுச் சேலையத் தங்கச்சிக்குன்னு தனியா மடிச்சு வச்சா. மிக்ஸிய மருமகளுக்குன்னா. கோயில்ல போயி முழங்கால் போட்டா எந்திரிக்கவே மாட்டேங்கா. ஒரு நாளு நான் முற்றத்துல நிக்கது தெரியாம, தங்கச்சிகிட்ட போன்ல, "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த மனுசனுக்கு யாரு சோறு பொங்குவா"ன்னு அழுதா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஏன், எனக்குச் சோறு பொங்கத் தெரியாதா? முப்பது வருசமாக் கூட இருக்கா, என்னயப் பத்தி இப்படியா நெனப்பா.

சரி, ரெண்டாவது தடவ. மறுபடி பத்து நாளு வலி மாத்திரை கெடையாது. மறுபடி பாக்கியசீலி, மறுபடி தடி ஊசி. இந்தத் தடவ ஐஸ் பக்கமே நான் போகல. ஏன்னா, நான் சொன்னாக் கேக்கிற ஆளு. ஆனா பஸ்ஸுல உக்காந்ததும் ஒரு யோசன. அந்தப் புள்ள நாலு தடவ தலகீழாத் திருப்புச்சே, எதுக்கு? ரத்தம் கட்டிப் போகாம இருக்க. நாலு தடவ திருப்புனதுக்கே அது நல்லதுன்னா, வழி முழுக்கத் திருப்புனா எவ்வளவு நல்லது. மேல கீழ, மேல கீழ. ஒன்றரை மணி நேரம். கை வலி எடுத்துருச்சு. பக்கத்துல இருந்த ஆளு, "என்ன, சாமியாட்டமா"ன்னு கேட்டான். நான் காதுலயே வாங்கல.

நசீமாம்மா வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க. உள்ள நுரை. நுரைக்கு அடியில சின்னச் சின்னதாத் திட்டுத் திட்டா என்னமோ. "இத யாரு குலுக்குனா"ன்னாங்க. குலுக்கலம்மா, சீராட்டிக்கிட்டே வந்தேன்னேன். அவங்க கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு, திருப்பி மாட்டிக்கிட்டு, போனை எடுத்தாங்க.

அன்னைக்குச் சாயங்காலமே பாக்கியசீலி எங்க வீட்டுக்கு வந்துருச்சு. சலேத்து அருவாமனையில மீன் அறுத்துக்கிட்டு இருந்தா. "மாமா, மொதத் தடவ எப்படிக் கொண்டு போனீங்க, உள்ளதச் சொல்லுங்க"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். எனக்கென்ன மறைக்க இருக்கு. கீழ எத்தன அடுக்கு, மேல எத்தன அடுக்கு, உப்பு எவ்வளவுன்னு வெவரமா, கையக் காட்டிக் காட்டிச் சொன்னேன். சொல்லி முடிச்சுட்டுப் பாக்கேன், மீன் அறுக்கிற சத்தத்தக் காணும். சலேத்து என் பக்கம் திரும்பல. அந்தப் புள்ளையத்தான் பாத்தா. "அடுத்த தடவ நானே பஸ்ஸுல போறேன்"னா.

அவ்வளவுதான். பன்னெண்டு நாளு ஆச்சு, என்கிட்டப் பேசல. சோறு வைப்பா, கொழம்பு ஊத்துவா, சட்டையத் தொவச்சு மடிச்சு வைப்பா. பேச்சு மட்டும் கெடையாது. பத்தொன்பது வருசமாப் பஸ்ஸையே நம்பாதவ, இப்ப பஸ்ஸ நம்புதா, கட்டுன புருசன நம்பல. இதுக்கு நான் யாருகிட்டப் போயிச் சொல்ல. அதான் உங்ககிட்டச் சொல்லுதேன்.

காலையில மொதப் பஸ்ஸு. கையில எலுமிச்சம்பழம், மடியில பிளாஸ்டிக் பை நாலு. குரும்பூர் தாண்டல, ஆரம்பிச்சிட்டா. பாக்க முடியல. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு, ஜன்னல் கம்பியில தலையச் சாச்சு, மூஞ்சி வெளுத்துப் போயி. நான் விசிறுனேன். கைய எடுத்து விட்டுட்டா. ஸ்ரீவைகுண்டத்துல பஸ்ஸு அஞ்சு நிமிசம் நின்னுச்சு. எதுத்தாப்புல மெடிக்கல்ல அப்பத்தான் ஷட்டரத் தூக்குதான். ஓடுனேன். வாந்திக்கு ஏதாவது குடுப்பான்னேன். "தலவலி இருக்கா"ன்னான். இருக்கும், மூஞ்சியப் பாத்தா அப்படித்தான் இருந்துச்சுன்னேன். ஒரு செட்டு மாத்திரையப் பேப்பர் கவர்ல போட்டுக் குடுத்தான். தண்ணி பாட்டிலோட நீட்டுனேன். வாங்கிக்கிட்டா. முதுகக் காட்டித் திரும்பிக்கிட்டா. அதுக்கப்புறம் வாந்தியும் கொஞ்சம் கொறைஞ்சுது. பாத்தீங்களா, நான் குடுத்தா வேல செய்யும்.

இங்க வந்ததும் நசீமாம்மா கேட்டாங்க, "இந்தப் பத்து நாளுல ஏதாவது மாத்திரை போட்டீங்களாம்மா"ன்னு. சலேத்து இல்லன்னு தலைய ஆட்டுனா. பாவம், மயக்கத்துல மறந்திருப்பா. நான் பக்கத்துலதான் நின்னேன். ஆனா என்கிட்டக் கேக்கலல்லா. கேக்காத விஷயத்துல நான் எதுக்குத் தலையிடணும். இவ்வளவு நாளும் எல்லாரும் என்னயச் சொன்னது அதுதான, தலையிடாதன்னு.

என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்கீங்க?

என்ன மாத்திரையா. மூணு இருந்துச்சு. ஒண்ணு வாந்திக்கு. சின்ன வெள்ள ஒண்ணு, அது வயித்துக் கேஸுக்கு. இன்னொண்ணு செவப்பு. அது தலவலி, உடம்பு வலி எல்லாத்துக்கும். கம்பெனியில நாங்க எல்லாரும் போடுததுதான், ஐஸ் தூக்கித் தூக்கித் தோளு வலிச்சா.

ஆமா. வலி மாத்திரைதான்.

ஒண்ணே ஒண்ணுதான அண்ணாச்சி. சின்னது. இத்தினியோண்டு. உடம்பு முழுக்க ஓடுத ரத்தத்துல அது எந்த மூலைக்கு.

இல்ல, நீங்க சொல்லுதது எனக்குப் புரியுது. அதுகதான் தொட்டாச்சிணுங்கியாச்சே.

சரி, நான் சொல்லலன்னு வைங்க. இப்ப எடுப்பாங்க. மெஷின்ல வைப்பாங்க. வேல செய்யலன்னு திரும்பவும் பேப்பர் வரும். மறுபடி மஞ்சப் பட்டு. டாக்டரும் இந்தத் தடவ நம்பிருவாரு, நேர்ல வந்து குடுத்த ரத்தம்லா. என்னென்ன மருந்து ஏத்துவாங்களோ, எந்த ஊருக்கு அனுப்புவாங்களோ. சொன்னேன்னு வைங்க. இன்னைக்குக் கெடையாதும்பாங்க. இன்னும் பத்து நாளு அவ வலியோட சுருண்டு கெடக்கணும். மறுபடி பஸ்ஸு. போகும்போதும் பஸ்ஸு, வரும்போதும் பஸ்ஸு. அதுக்கெல்லாம் காரணம் ஐஸ் தொம்மை. பன்னெண்டு நாளு பேசாதவ, இனிமே பேசுவாளா.

நீங்க போயி ஒரு வார்த்த சொல்லிருங்களேன் அண்ணாச்சி. மூணாம் மனுசன் சொன்னாக் கோவம் வராது. பஸ்ஸுல கூட வந்த ஆளுன்னு சொல்லுங்க, மாத்திரை குடுத்ததப் பாத்தேன்னு சொல்லுங்க. மாட்டீங்களா.

மணி என்னாச்சு? கடியாரம் ஓடுதா அது? அப்ப அஞ்சு நிமிசம்கூட இல்ல.

இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. உள்ள ஒண்ணும் இல்ல, அவளுக்கு மாத்துச் சேலைதான்.

*

உக்காருங்க, உக்காருங்க, எந்திரிக்காதீங்க. சொல்லுதேன். கொஞ்சம் மூச்சு விட்டுக்கிடுதேன்.

கதவத் தட்டுனேன். நசீமாம்மா ஊசிக் கவரைப் பிரிச்சிட்டாங்க. என்னன்னு திரும்பிப் பாத்தாங்க. எனக்கு வாய் வரல. எனக்கு வாய் வரலன்னு எங்க ஊருல போயிச் சொன்னா எவனும் நம்ப மாட்டான். பொறவு ஒரு மாதிரி ஆரம்பிச்சேன். "அம்மா, காலையில நான்தான் அவளுக்கு மாத்திரை வாங்கிக் குடுத்தேன். அதுல வலி மாத்திரை இருக்கு. அவ மயக்கத்துல மறந்திருப்பா, அவ மேல தப்பில்ல"ன்னேன். அதோட நிப்பாட்டியிருக்கலாம். வாயி நிக்கல. மொதத் தடவ ஐஸ்ல வச்சதும் நான்தான், நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னது கரைஞ்ச பிறகு சொன்னது, ரெண்டாவது தடவ வழி முழுக்கத் திருப்புனேன், அந்தப் புள்ள பாக்கியசீலி படாதுன்னுதான் சொல்லுச்சு, அது நல்லாத்தான் எடுத்துச்சு, எடுத்ததெல்லாம் நல்ல ரத்தம், கெட்டது என் கைக்கு வந்த பொறவுதான்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

நசீமாம்மா ஊசியத் தட்டுல வச்சிட்டாங்க. "நல்ல வேள சொன்னீங்க. ஆனா இன்னைக்கு எடுக்க முடியாதே, பத்து நாளு கழிச்சுத்தான்"னாங்க.

சலேத்து கண்ணத் தொறக்கல. தொறக்காமலே, "எடுங்க"ன்னா. "இல்லம்மா, மாத்திரை போட்டிருந்தா"ன்னு அவங்க ஆரம்பிக்காங்க. இவ மடியில இருந்த மணிபர்சத் தொறந்து, பேப்பர் கவர எடுத்து அந்தத் தட்டுல வச்சா. மூணும் அப்படியே இருக்கு. வாந்தி மாத்திரை, கேஸ் மாத்திரை, செவப்பு. ஒண்ணு கொறையல.

"இவரு குடுத்ததையெல்லாம் முழுங்கியிருந்தா நான் இத்தன வருசம் இருந்திருக்க மாட்டேன்மா"ன்னா.

நசீமாம்மா சிரிச்சிட்டாங்க. சிரிப்பாங்கன்னே எனக்குத் தெரியாது. "இவரு குடுத்தத முழுங்கலன்னு அப்பமே சொல்லியிருக்கலாம்லம்மா, இவரு பக்கத்துலதான நின்னாரு"ன்னாங்க. அதுக்கு இவ சொல்லுதா, "தலைய ஆட்டிட்டு அவரு மூஞ்சியத்தான் பாத்தேன். அவரா வந்து உள்ளதச் சொல்லுதாரான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." அவங்ககிட்டத்தான் சொல்லுதா, என்கிட்ட இல்ல.

எப்பேர்ப்பட்ட பொம்பளைன்னு பாருங்க அண்ணாச்சி. அரை மணி நேரம் ஓய்வா இருங்கன்னா, ஓய்வா இருந்து இதத்தான் யோசிச்சிருக்கா. வாந்தியோட வந்தாலும் வருவா, நான் வாங்கிக் குடுத்தத வாயில வைக்க மாட்டா. அந்த மெடிக்கல்காரனும் ஒண்ணும் மோசமான மாத்திரை குடுக்கல. எவ்வளவு ஓட்டமா ஓடி வாங்கியாந்தேன்.

பொறவு நசீமாம்மா, இன்னும் பத்து நிமிசம் அமைதியா இருக்கட்டும், நீங்க வெளிய போங்கன்னாங்க. வந்துட்டேன். கதவ முழுசாச் சாத்தல, கவனிச்சீங்களா. அந்த இடுக்கு வழியாத் தெரியுது. நான் பாக்கல. சும்மா இந்தப் பக்கம் முகத்த வச்சிருக்கேன், தன்னாலத் தெரியுது.

ரப்பர் லேசாத்தான் கட்டுதாங்க. பரவாயில்ல. ஊசி போட்டாச்சு. சலேத்து கண்ண மூடல, ஊசியவே பாத்துக்கிட்டு இருக்கா. ரப்பர அவுத்தாச்சு. மொதக் குழாயத் தள்ளி வச்சாச்சு, அது அப்படித்தான், நீங்க பயப்படாதீங்க, குத்துன எடத்து ரத்தம் இதுக்கு ஆகாது. இப்ப நீல மூடி. கோடு வரைக்கும். திருப்புதாங்க பாருங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. நிப்பாட்டிட்டாங்க. நாலோட நிப்பாட்டணும் போல.

மெஷின் அந்தப் பக்கத்து ரூம்லதானாம். ஒரு பத்தடி இருக்கும். அவங்களே கையில கொண்டு போறாங்க. மெல்லத்தான் நடக்காங்க. நான் ஒண்ணும் சொல்லல, கேட்டீங்களா, வாயத் தொறக்கல.

என்னம்மா? என்னயவா? ஏன், என்னாச்சு?

ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஊசி எடுத்த எடத்துல பஞ்ச அழுத்திப் பிடிக்கணுமாம். அவளுக்கு லேசுல நிக்காதுல்லா, பத்து நிமிசமாவது விடாம அழுத்தணுமாம். வாந்தி எடுத்த அசதியில அவளால அழுத்திப் பிடிக்க முடியல போல. வேற சிஸ்டர வரச் சொல்லட்டுமான்னு கேட்டிருக்காங்க. வேண்டாம், அவர வரச் சொல்லுங்கன்னிருக்கா. பஞ்ச எடுத்து எடுத்துப் பாக்கப்படாதாம், தேய்க்கப்படாதாம், சும்மா அழுத்திப் பிடிச்சா மட்டும் போதுமாம்.

வாரேன்மா, வந்துட்டேன். நல்லா அழுத்திப் பிடிச்சிருதேன், ஐஸ் கட்டி எதுவும் வச்சா சீக்கிரம் நிக்கும்னா பக்கத்துல ஒரு கடையில—

கேட்டீங்களா அண்ணாச்சி. கேட்டீங்களா அவ சத்தத்த. இது நசீமாம்மாகிட்ட இல்ல, என்கிட்டச் சொன்னது. பன்னெண்டு நாளு கழிச்சு. "பேசாம வந்து பிடிங்க"ன்னு.

வாரேன்.